எதிரே உட்கார்ந்து ஒட்டிய ஒயர்கள்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குக் குல்லாக்காரர் என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பெயர் பழசாகியிருந்தது. அவர் பார்த்த வேலையே அதுதான். மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களின் தலையில் ஒயர்கள் தொங்கும் ஒரு துணிக்குல்லாவை மாட்டுவார். ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசி இல்லாத சிரிஞ்சால் ஜெல் விடுவார். பிறகு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வார். இ.இ.ஜி. என்பார்கள். இருபத்தெட்டு வருஷம் அதையேதான் செய்தார்.

"ஊருக்கே குல்லாப் போடற ஆளு" என்று கேன்டீன்காரர் அவரைக் கிண்டல் செய்வார். "நான் போட்டா நாப்பது நிமிஷத்துல கழட்டிடுவேன். மத்தவங்க போட்டது உங்க தலையில இன்னும் இருக்கு, தடவிப் பாருங்க" என்று இவர் பதில் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. அதனாலேயே நாங்கள் கூடுதலாகச் சிரிப்போம்.

எனக்குப் பக்கத்து அறை. அவர் பதிவு செய்து அனுப்பும் அலைகளைக் கம்ப்யூட்டரில் போட்டு எண்களாக்குவது என் வேலை. அதனால் என்னைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் மூக்கு நுனியில் இருக்கும். யாராவது தப்பாக எழுதிய கோப்பைக் கொடுத்தால் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கீழ்மாடி வரை கேட்கும். அவரோடு மட்டும் பதினாறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. சண்டை போட அவர் இடம் கொடுத்ததில்லை. அவர் கோப்பில் தப்பே இருக்காது.

அவருக்கு ஒரு முறை உண்டு. எப்போதும் ஆளின் பின்னால்தான் நிற்பார். "தலையைத் தொடற ஆளு கண்ணுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா கழுத்து விறைச்சிடும், கழுத்து விறைச்சா அலை கெட்டுடும்" என்பார். ஒயர் செருகும் பெட்டியும் நாற்காலியின் முதுகில், அவர் கைக்கு நேராகத் தொங்கும். அந்தப் பெட்டியின் மேல் ஒரு தலையின் படம் வரைந்து, அதில் ஓட்டைகள் போட்டிருப்பார்கள். இடது பக்கத்து ஓட்டைகளுக்கு ஒற்றைப்படை எண்கள், வலது பக்கத்துக்கு இரட்டைப்படை. பின்னால் நிற்கிறவருக்கு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அவருடைய இடது கைப்பக்கம் தொங்கும் ஒயர் படத்தின் இடது பக்கத்துக்குப் போகும், வலது வலதுக்கு. வந்தவரோடு மழையைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ பேசிக்கொண்டே, பெட்டியைப் பார்க்காமலே செருகிவிடுவார்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். மனசுல நினைக்கறது இதுல தெரிஞ்சிடுமா? "எங்க வீட்டம்மா மனசுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. உங்களோடது எப்படிங்க தெரியும்" என்று சொல்லி அவர்களை உட்கார வைப்பார்.

எங்கள் ஆராய்ச்சி உணர்ச்சிகளைப் பற்றியது. பிடித்த ஒன்றை நோக்கி மனம் போகும்போது நெற்றிக்குப் பின்னால் மூளையின் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறது, பிடிக்காததிலிருந்து விலகும்போது வலது பக்கம். அப்படி ஒரு கருத்து. சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் அடிதடிக்கே வருகிறார்கள். மூளை ஓய்வாக இருக்கும்போது ஆல்ஃபா என்று ஓர் அலை வரும். அது எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் வேலையில் இறங்கிவிட்டது என்று பொருள். சிரிக்கும் முகங்களையும் அழும் முகங்களையும் காட்டி, சத்தங்களைக் கேட்கவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவோம். என் கம்ப்யூட்டர் கடைசியில் இரண்டு கட்டங்கள் வரைந்து தரும். இடது பக்கம் கூடுதலாக வேலை செய்தால் நீலக் கட்டம் உயரும், வலது பக்கம் என்றால் சிவப்பு.

இதை நடத்துகிற டாக்டரம்மாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. "ஒரு ஆளோட கட்டத்தை வெச்சு ஒண்ணும் பேசாதீங்க. நாப்பது பேர் சேர்ந்தாதான் நாம வாயைத் திறக்கணும், அதுவும் பாதி வாய்." வந்து உட்காருகிற யாருக்கும் அவரவருடைய கட்டத்தை நாங்கள் காட்டுவதில்லை.

குல்லாக்காரரின் மனைவியை ஊரில் எல்லோருக்கும் தெரியும், முகம்தான் தெரியாது. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வரும் குரல் அண்ணியுடையது. புறப்படும் வண்டிகளைச் சொல்வதுதான் அவர் வேலை, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். "நாலாவது நடைமேடையில ஃபோன் பாத்துட்டு நிக்கற பச்சைச் சட்டை அப்பா, உங்க பாப்பா ஆறாவது நடைமேடைக்குப் போயிட்டா" என்று கண்ணாடி அறையிலிருந்து மானத்தை வாங்குவார். வீட்டிலும் அப்படித்தான். இவர் நாலு வார்த்தை பேசுவதற்குள் அவர் நானூறு பேசிவிடுவார். மத்தியானம் ஃபோன் வரும். நான் பக்கத்து அறையில் இருந்தாலும் அண்ணி என்ன சொல்கிறார் என்று தெளிவாகக் கேட்கும். இவர் "ம்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ம்". ஃபோனை வைத்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்தவர் போல இருப்பார்.

ஒரு நாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது அண்ணியின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். மூளையின் இடது பாதியில் ரத்தம் அடைத்துவிட்டது. இடது பாதி போனால் உடம்பில் வலது பக்கம் போகும். பேச்சும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வலது கை, வலது கால், அந்தக் குரல், எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன.

ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. "இல்ல." தண்ணீர் கொடுத்தாலும் "இல்ல", விளக்கைப் போட்டாலும் "இல்ல", மகள் வந்து கட்டிக்கொண்டாலும் "இல்ல, இல்ல". அது மறுப்பு இல்லை, வாயில் தங்கிப்போன சத்தம், வேறு சொல் வராததால் அதுவே வருகிறது என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். குல்லாக்காரருக்கு அது அவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் தெரிந்து என்ன பயன்? கரண்டியோடு எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் நம் முகத்தைப் பார்த்து ஒரு நாளைக்கு நூறு தடவை "இல்ல" என்றால், நூற்றோராவது தடவை மனசு ஆடிப்போகும்.

கூடவே அழுகை. அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் போதும், அண்ணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். இந்த நோயில் அழுகை காரணம் இல்லாமலும் வரும் என்றார்கள். ஆனால் மகள் வந்து பத்து நாள் இருந்தபோது அவளைப் பார்த்து அண்ணி அழவில்லை. அமைதியாக அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகள் ஏழு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தாள். மருந்துக்கடை வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி, அப்பா மேல் உயிர். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நான் சொல்றேன்னு வருத்தப்படாதீங்க. நீங்க வேலைக்குப் போனதும் பக்கத்து வீட்டு அக்காதான் பாத்துக்கறாங்க. எத்தனை நாள் அவங்க பாப்பாங்க? என் வீடு தரைத்தளம், சக்கர நாற்காலி உள்ள வரைக்கும் வரும். அதோட, அம்மா உங்களைப் பாத்தா அழறாங்கப்பா. என்கிட்ட அழறதில்ல."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார் அவர்.

யோசித்தார். இரண்டு வாரம் யோசித்தார். அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. அவளுக்கு யாரிடம் இருக்கப் பிடிக்கிறது? முப்பத்தோரு வருஷம் வாய் ஓயாமல் பேசியவளிடம் கேட்காமல் விட்ட ஒரே கேள்வியை, பேச்சு போன பிறகு கேட்க வேண்டியதாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டார். "கணக்குப்பிள்ள, ஞாயித்துக்கிழமை ஆள் இருக்க மாட்டாங்க. அவளைக் கூட்டிட்டு வந்து ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமா?"

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். டாக்டரம்மா வெளியூரில் இருந்தார், அவருக்குத் தெரியாமல் செய்வது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, ஒரே ஓர் ஆளின் கட்டத்தை வைத்து, அதுவும் அடிபட்ட மூளையை வைத்து, இப்படிக் கேட்பது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் பதினாறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. "சரிண்ணே" என்றேன். அந்த "சரி"யை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் மேல் ஆத்திரம் வருகிறது.

மூன்று குரல்களைத் தயார் செய்தோம். ஒரே வாக்கியம், "நான் வந்துட்டேன்." ஒன்று மகளுடையது, அவள் எப்போதோ ஃபோனில் அனுப்பிய குரல்பதிவிலிருந்து வெட்டி எடுத்தது. ஒன்று அவருடையது. மூன்றாவது, அண்ணிக்கு அறிமுகமே இல்லாத ஒரு வார்டு நர்ஸுடையது. ஒவ்வொன்றும் இருபது தடவை, மாற்றி மாற்றி ஒலிக்கும்படி வைத்தேன். அவர் தன் குரலைப் பதிவு செய்ய ஒன்பது தடவை முயன்றார். ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார். குல்லாவை மாட்டியதும் அண்ணி இடது கையால் இழுத்துப் போட்டுவிட்டார். சரி, தனி ஒயர்களைப் பசை வைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, வழக்கம்போலப் பின்னால் போய் நின்றார். அண்ணி தலையைத் திருப்பினார். இவர் நகர்ந்தார், அண்ணி அந்தப் பக்கமும் திருப்பினார். "இல்ல, இல்ல, இல்ல." மூச்சு வாங்க ஆரம்பித்தது.

"இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல" என்று சொல்லிக்கொண்டே அவர் முன்னால் வந்தார். முழங்காலை மடக்கிக்கொண்டு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணி அடங்கினார். ஒயர்ப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் ஒரு சின்ன மேசைமேல் வைத்தேன். அவர் மயிரை விலக்கி, தேய்த்து, பசை வைத்து, பத்தொன்பது ஒயர்களையும் ஒவ்வொன்றாக ஒட்டிப் பெட்டியில் செருகினார். அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் அண்ணி கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "இல்ல" என்றும் சொல்லவில்லை.

அதை அப்போது நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அவர் ஒயரைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

வழக்கமாகத் தொடங்கும் முன் "இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க" என்று சொல்லி, ஒயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று கண்ணசைவை வைத்துச் சோதிப்போம். அண்ணிக்குச் சொன்னால் விளங்காது என்று அதை விட்டுவிட்டோம். குரல்கள் ஓடின. பதிவு முடிந்தது. திரையில் அலைகளை விரிக்கப் போனேன். அவர் என் தோளைத் தொட்டார்.

"அலையைக் காட்டாதம்மா. அடிபட்ட எடம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆயிரம் பேரோடதைப் பாத்திருக்கேன். அவளோடதை நான் பாக்கல. நேராக் கணக்குக்குப் போயிடு."

எனக்கும் பார்க்கத் தைரியம் இல்லை. பொத்தானை அமுக்கினேன்.

நர்ஸின் குரலுக்கு இரண்டு கட்டங்களும் சமமாக நின்றன. மகளின் குரலுக்கு நீலம் உயர்ந்தது. அவருடைய குரலுக்குச் சிவப்பு. கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே உயர்ந்திருந்தது.

"அண்ணே, டாக்டரம்மா சொல்றது உங்களுக்கே தெரியும். ஒரு ஆளை வெச்சு முடிவு பண்ண முடியாது. நாப்பது பேர்…"

"நாப்பது பேருக்கு நான் எங்க போவேன்? எனக்கு இருக்கறது ஒரு பொண்டாட்டி" என்றார்.

பிறகு வெந்நீர் கொண்டுவந்து, பஞ்சால் அண்ணியின் தலையிலிருந்த பசையைத் துடைத்தார். மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற வேலை. அன்றைக்கு முடியவே இல்லை. இந்தத் தடவை பின்னால் நின்று துடைத்தார். அண்ணி மறுபடியும் தலையைத் திருப்பத் தொடங்கினார். தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் அப்படிச் செய்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

மெஷினில் பார்த்ததை அவர் மகளுக்கு ஃபோனில் சொன்னார். அடுத்த வாரம் அவள் காரோடு வந்தாள். துணிமணிகளைக் காரில் ஏற்ற நானும் உதவிக்குப் போயிருந்தேன். அண்ணியைப் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டார். போட்டுவிட்டு நிமிரும்போது அண்ணியின் இடது கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "இல்ல. இல்ல. இல்ல. இல்ல."

"எல்லாத்துக்கும் அதைத்தானே சொல்றா" என்றார் அவர், என்னைப் பார்த்து, யாரோ கேள்வி கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போல. பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். கடைசி விரலைப் பிரித்ததும் கதவைச் சாத்தினார்.

அண்ணி அங்கே ஐந்து மாதம் இருந்தார். குல்லாக்காரர் இரண்டே தடவைதான் போனார். முதல் தடவை அண்ணி அவரைப் பார்த்து அழுதார். இரண்டாவது தடவை அண்ணி தூங்கும் நேரமாகப் பார்த்துப் போய், கதவு இடுக்கில் நின்று பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். தினமும் மகளுக்கு ஃபோன் செய்வார். "அம்மா காதுல வைக்கட்டுமாப்பா?" என்று அவள் கேட்டால், "வேணாம்மா, எதுக்கு அவளை அழ விடணும்" என்பார். மத்தியான வேளையில் அவர் அறையில் ஃபோன் அடிப்பது நின்றுபோனது எனக்குப் பழகவே இல்லை. பேருந்து நிலையத்தில் அண்ணியின் குரலை முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்கள், அதையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போக அவருக்கு அந்த வழியே கிடையாது. ஆனால் அந்த ஐந்து மாதமும் அந்த வழியாகத்தான் போனார்.

ஒரு நாள் காலை, சாப்பாட்டுக்கு எழுப்பப் போனபோது அண்ணி போய்ச் சேர்ந்திருந்தார். தூக்கத்திலேயே என்றார்கள்.

ஒரு மாதம் கழித்துக் குல்லாக்காரர் வேலைக்குத் திரும்பினார். அந்தச் சமயத்தில் எங்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. பழையதிலிருந்து கோப்புகளை மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு மாற்ற வேண்டும். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோப்பையும் திறந்தேன். அலைகள் திரையில் விரிந்தன.

மூளையில் அடிபட்ட இடத்திலிருந்து அகலமான, சோம்பலான அலைகள் வரும். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திரையில் அவை தெளிவாக ஓடின, இரட்டைப்படை எண்களில். வலது பக்கத்தில். அண்ணிக்கு அடிபட்டதோ இடது பக்கம்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அந்தச் சின்ன மேசை ஞாபகம் வந்தது. அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்தவருக்கு அண்ணியின் வலது பக்கம்தான் தன் இடது கைப்பக்கம். இருபத்தெட்டு வருஷமாகப் பின்னால் நின்று பழகிய கை, தன் இடது பக்கம் தொங்கிய ஒயரைப் படத்தின் இடது பக்கத்தில் செருகிவிட்டது. பத்தொன்பதில் நடுக்கோட்டில் இருக்கும் மூன்றைத் தவிர எல்லாமே இடம் மாறியிருந்தன. அவரைக் காணாமல் அண்ணி தவித்ததால்தான் அவர் முன்னால் வந்தார். அப்படி வந்ததால்தான் மகளின் கட்டமும் அவருடைய கட்டமும் தலைகீழாயின. அன்றைக்கு அலைகளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், இரண்டு பேருக்குமே ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

நாலு நாள் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்லக்கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஐந்தாம் நாள் அவரே வந்தார்.

"கணக்குப்பிள்ள, அவளோட பதிவு ஒண்ணு இருந்துச்சில்ல. அதை எனக்கு எடுத்துக் கொடு. அன்னைக்குப் பாக்க மாட்டேன்னுட்டேன். இப்ப பாக்கணும்போல இருக்கு. அவ மூளையில ஓடினதாச்சே."

"அப்புறம் எடுத்துத் தர்றேண்ணே, கம்ப்யூட்டர் மாத்திட்டு இருக்காங்க" என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பொய் வராது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திறந்தேன்.

இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"இது அவளோடதா?"

"ஆமாண்ணே."

"அவளுக்கு இடது பக்கம்ல அடி."

அவர் எழுந்து நின்றார். தனக்கு எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல இரண்டு கைகளையும் நீட்டினார். இடது கையை மெதுவாகக் கீழே ஒரு மேசையை நோக்கிக் கொண்டுவந்தார். பாதியில் நிறுத்தினார்.

"பின்னால போனா தவிச்சா. அதனால முன்னால வந்து உக்காந்தேன்" என்றார். பிறகு, "அப்ப அந்தச் சிவப்பு?"

"இடது பக்கம்ண்ணே. நீலமா வந்திருக்கணும்."

"என் குரலுக்கு."

"உங்க குரலுக்கு."

அவர் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தம் இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு அழுதார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படித்த முட்டாளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, இதையும் நம்பாதீங்க. அடிபட்ட மூளையில ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடவே கூடாது. அன்னைக்கு அந்தக் கட்டம் ஒண்ணுமே சொல்லல. இன்னைக்கும் ஒண்ணும் சொல்லல. இதை வெச்சு அண்ணி மனசு…"

"கெட்டதைச் சொன்னப்ப ஒரே நிமிஷத்துல நம்பினேன்" என்றார். "நம்பி அவளை அனுப்பி வெச்சேன். இப்ப நல்லதைச் சொல்லுது. இதை மட்டும் நம்பக்கூடாதா?"



அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. மகள். எடுக்காமல் விடுவார் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். அண்ணியிடம் பேசிப் பழகிய ஃபோன், அதன் சத்தத்தை அவர் குறைத்து வைப்பதே இல்லை. அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அப்பா, வேலையில இருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இங்க அம்மாவைப் பாத்துக்க வெச்சிருந்தோமே, அந்த நர்ஸக்கா நேத்து வந்திருந்தாங்க. அம்மா எப்பவும் வாசலையே பாத்துட்டு இருப்பாங்களாம். யாரையோ எதிர்பாத்துட்டுதான் போயிட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அதுலருந்து சோறு எறங்கலப்பா. நான்தானே பிடிவாதமாக் கூட்டிட்டு வந்தேன். அம்மாவுக்கு என்கிட்ட இருக்கப் பிடிச்சுதானே இருந்துச்சு? நீங்கதான் மெஷின்ல பாத்தீங்களே. இன்னொரு தடவை சொல்லுங்கப்பா."

திரையில் அலைகள் நின்றிருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா?" என்றாள் அவள்.

"இருக்கேம்மா" என்றார். "பிடிச்சுது. உன் குரல் கேட்டப்பதான் அவ சந்தோஷமா இருந்தா. நல்லாத் தெரிஞ்சுது. நான் கண்ணால பாத்தேன்."

"உங்க குரலுக்கு?"

"எனக்கு இல்லம்மா. உனக்குத்தான்."

மறுமுனையில் அவள் அழுதாள். பாரம் இறங்கிய அழுகை. அது முடியும் வரை அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"இது இன்னொரு கம்ப்யூட்டர்ல இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. இது ஒண்ணுதான்."

"அழிச்சிடு. அவ கெட்டிக்காரி. என்னைக்காவது பாக்கணும்னு கேட்டு வந்து நிப்பா."

என் விரல் நகரவில்லை. அவர் என் பக்கத்தில் குனிந்து சுட்டியை வாங்கிக்கொண்டார். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. அவரே அமுக்கினார்.